விபூதி தீர்ந்துபோன நாள்

நாணயக் கடைத் தட்டில் இரண்டு பழைய வெள்ளி ரூபாய்கள் கிடந்தன. ஒன்றை முதலாளி விபூதி போட்டுப் பளபளவென்று தேய்த்திருந்தார். விபூதி தீர்ந்துபோனதால் மற்றது கன்னங்கரேலென்று கூசிப்போய்க் கிடந்தது.

"உன்னை உருக்கத்தான் போடுவாங்க" என்றது பளபள ரூபாய். கறுப்பு ரூபாய் தட்டின் ஓரமாக ஒதுங்கியது.

வாங்க வந்தவர் லென்ஸை எடுத்தார்.

லென்ஸ் பளபள ரூபாயிடம், "தேய்ச்சுத் தேய்ச்சு உன் மேல இருக்கற ராஜாவுக்கு மூக்கே தேஞ்சுபோச்சே. வெள்ளி எடைக்குத்தான் உன்னை எடுக்கலாம்" என்றது.

பிறகு கறுப்பு ரூபாயின் மேல் வெகுநேரம் நின்றது. "உன் ராஜா மீசையில ஒரு முடிகூட அழியல. உனக்குப் பத்து மடங்கு கொடுக்கலாம்."

வந்தவரின் சட்டைப்பைக்குள் விழுந்த பிறகுதான் கறுப்பு ரூபாய்க்கு மூச்சே வந்தது.

கடைக்குள் முதலாளி புது விபூதிப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார்.