அனுஷத்தன்று கப்பல் பார்க்க

அவன் சனிக்கிழமையைத் தெரிவு செய்தான்.

திரையில் அந்த நாள் பச்சையானது.

பெரியவர்கள் மூவர். பிள்ளைகள் இருவர். காலை எட்டரைக்கு ரயில். ரொஸ்கில்டேயில் இறங்கி அருங்காட்சியகத்துக்கு நடக்கலாம். அக்காவுக்கு முழங்கால் நோவு. ஆகவே பஸ்.

வைக்கிங் கப்பல்கள். பிள்ளைகள் பள்ளியில் படித்தவை. அக்காவுக்கும் புதினமாக இருக்கும்.

வீட்டில் அப்படித்தான் சொல்லியிருந்தான்.

சனிக்கிழமை அனுஷம். அக்காவின் மகன் துவாரகனின் நட்சத்திரம்.

முல்லைத்தீவிலிருந்து வந்த முதல் கிழமையே அவள் இங்குள்ள கோயிலில் அர்ச்சனைக்குச் சொல்லிவிட்டாள். பெயர் சொல்லி, நட்சத்திரம் சொல்லி, நீண்ட ஆயுள் வேண்டிச் செய்வது.

உயிரோடு இருப்பவர்களுக்குச் செய்வது.

ஊரிலும் பதினொரு வருடமாகச் செய்துவந்தவள்.

பதினொரு வருடத்துக்கு முன்னர் துவாரகன் அவுஸ்திரேலியாவுக்கென்று படகேறினான். படகு போய்ச் சேரவில்லை. தப்பிய ஒருவன் அகதி முகாமிலிருந்து டென்மார்க்குக்கு, இவனுக்குத் தொலைபேசினான். மூன்று நிமிடம் பேசினான்.

அன்று அத்தானின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்து நாலாம் நாள். புருசனைப் பறிகொடுத்து முப்பத்தைந்து நாள்கூட ஆகாதவளிடம் எப்படிச் சொல்வது?

பிறகு சொல்லலாம் என்று வைத்தான்.

அக்கா கேட்ட ஒவ்வொரு தடவையும், தகவல் இல்லை என்றான். ஒரு கட்டத்தில் அவள் கேட்பதை விட்டுவிட்டாள்.

ஐயர் அந்தப் பெயரை உரத்துச் சொல்லும்போது அவளுக்குப் பக்கத்தில் கைகூப்பி நிற்க இவனால் முடியாது.

ஆகவே கப்பல்.

இணையப் பக்கத்தை இப்போதுதான் முழுவதும் வாசித்தான். மண்மேட்டைக் கிண்டி எடுத்த கப்பல்கள் என்றே நினைத்திருந்தான். ஒஸ்லோவில் இருப்பவை அப்படி.

இவை கடலடியில் கிடந்தவை.

கீழே ஒரு கேள்வி இருந்தது. படகில் ஏறித் துடுப்பு வலிக்க விருப்பமா? காலையில் மனைவி ‘ஆம்’ போட்டிருந்தாள். அதை அழித்தான்.

தேத்தண்ணிக் கோப்பை மேசையில் வந்து அமர்ந்தது. அக்கா பின்னால் நின்றாள். திரையில் இரும்புச் சட்டங்களில் தாங்கி நிறுத்திய கறுத்த பலகைகள்.

“இதுதானோ உன்ர கப்பல்? உக்கிப்போய் நிக்குது.”

“ஆயிரம் வருசம், அக்கா. கடலுக்குள்ள கிடந்தது.”

“பிறகு என்னெண்டு எடுத்தவை?”

“சுத்திவர அணை கட்டி, தண்ணியை இறைச்சு.”

அவள் சிரித்தாள். “கடலை இறைச்சவங்களோ? விசரங்கள்.”

“ஆழமில்லாத இடம். ரெண்டு பாகம்கூட வராது.”

பாகம் என்று சொல்லி எத்தனையோ வருடங்கள். இங்கே எல்லாம் மீற்றர். அக்காவின் வீட்டில் கடலை அப்படித்தான் அளப்பார்கள்.

அவள் கதிரையை இழுத்து உட்கார்ந்தாள். முழங்காலைத் தடவினாள். படத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

“துவாரகன்ர படகு கிடக்கிற இடம் எத்தினை பாகம் இருக்கும்?”

அடுத்த அறையில் பிள்ளைகள் எதற்கோ சண்டை பிடித்தார்கள்.

இவன் அவளைப் பார்த்தான். அவள் அழவில்லை. ஒரு விலாசம் கேட்டவள் போலக் காத்திருந்தாள்.

“சரியான ஆழம், அக்கா.”

“ம்.”

கோப்பையை அவன் பக்கம் நகர்த்தினாள்.

“ஆறப்போகுது, குடி. சனிக்கிழமை கப்பலுக்கே போவம். ஐயருக்குப் போன் அடிச்சு, அர்ச்சனை வேண்டாமெண்டு சொல்லு.”

அவன் தொலைபேசியைக் கையில் எடுத்தான்.

ஏன் என்று ஐயர் கேட்பார்.