நூற்றைம்பதுக்குக் கீழே

பட்டப்பகலிலும் அறை இருட்டாகத்தான் இருக்கிறது; பிரஷர் ஏறி வலிப்பு வந்தவளுக்கு வெளிச்சம் ஆகாதாம். முகம் வீங்கி மல்லாந்து கிடக்கிறாள் அந்தச் சித்தாள். எட்டு மாதத்திலேயே வயிற்றைக் கிழித்து எடுத்த மகள் மாடியில், குறைமாதப் பிள்ளைகளை வைக்கும் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறாள். மூன்று நாளாகியும் இவள் பார்க்கவில்லை. பிரஷர் நூற்றைம்பதுக்குக் கீழே இறங்கினால்தான் கூட்டிப்போவார்கள். பிரஷர் பார்க்க நர்ஸ் கையில் சுற்றிய பட்டை உப்பி இறுக்குகிறது. இறங்கட்டும் என்று மூச்சைப் பிடித்துக்கொள்கிறாள்.

“செங்கல்லா தூக்கப்போறீங்க? மூச்சை விடுங்கக்கா, பிடிச்சா ஏறத்தான் செய்யும். பாப்பாவையே நினைக்காதீங்க,” என்கிறாள் நர்ஸ்.

“வேற யாரை நினைக்க, சிஸ்டர்?”

பட்டை உஸ்ஸென்று தளர்கிறது. நூற்று அறுபத்திரண்டு.

“நாளைக்குப் பார்க்கலாம்க்கா.”

கதவு சாத்திக்கொள்கிறது. பக்கத்து வார்டில் எவள் பிள்ளையோ வீறிட்டு அழுகிறது. இவள் மார்பில் பால் ஊறி அங்கி நனைகிறது.