நாட்டுப் புளி, ஆண்

சட்டைப் பையில் போன் அலற அலற, கொளஞ்சியப்பன் மடியில் புளியமரத்தை வைத்துக்கொண்டு கால்நடை டாக்டரின் கிளினிக்கில் உட்கார்ந்திருந்தார்.

இந்தப் பக்கம் ஒரு லாப்ரடார். அந்தப் பக்கம் ஒரு ஆடு. ஆடு மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தது.

"போனை எடுங்களேன்" என்றாள் மனைவி மங்கலம்.

"வேணும்னா மறுபடி கூப்புடுவாங்க."

எந்த அழைப்பையும் அவர் முதல் தடவையில் எடுத்ததில்லை.

முழ உயர மரம். நெல்லிக்குப்பத்தில் கரும்பு லாரி ஓட்டிய காலத்திலிருந்து வளர்க்கிறார். கடலூரில் மாடி மாடியாகப் போன்சாய் திருடுபோகிறது என்று கேள்விப்பட்டதும், நாய்க்கு வைக்கும் அடையாளச் சிப்பை இதற்கும் வைத்தே ஆக வேண்டும் என்று நின்றார்.

டாக்டர் இளவரசு மங்கலத்தின் தம்பி. மாமா கேட்டால் மறுக்க முடியாது. பதிவு செய்யும் ஆப்பில்தான் நாய், பூனை இரண்டைத் தவிர வேறு எதற்கும் இடமில்லை.

"பேரு?"

"புளி."

"ஆணா, பொண்ணா மாமா?"

"இன்னும் காய்க்கல. ஆணுன்னே போடு."

"ஜாதி?"

"நாட்டுப் புளி."

நாட்டு நாய் என்று பதிவானது. அரிசியளவு சிப் அடிமரத்துக்குள் போனது.

"ரெண்டு நாளைக்குக் குளிப்பாட்டாதீங்க" என்றார் இளவரசு, வாய்ப் பழக்கத்தில்.

அது ஐப்பசி. கார்த்திகையில் ஒருநாள், வாசலில் பந்தல் போட்டு வீடு கொள்ளாத ஜனம் வந்துபோனபோது, மாடியிலிருந்து மரம் காணாமல் போனது.

போன வாரம் சிதம்பரத்துக்கு பஸ்ஸில் போகும்போது, பைபாஸ் நர்சரியில் அதே கூன் விழுந்த மரத்தை மங்கலம் பார்த்தாள். இன்று தம்பியையும் சிப் படிக்கும் மெஷினையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள்.

"நேத்து ஒருத்தன் வித்துட்டுப் போனான்னா நானே குடுத்துடுவேன். மாசக்கணக்கா கெடக்குது. இதே மாரி ஊருக்கு நூறு இருக்கும்மா" என்றார் நர்சரிக்காரர் உத்திராபதி.

மெஷின் 'பீப்' என்றது.

இளவரசு ஆப்பைத் திறந்து நீட்டினார். உத்திராபதி சத்தமாகப் படித்தார்.

"நாட்டு நாய். ஆண். பேரு புளி. ஏம்மா, இது குரைக்குமா?"

கடைக்கு வந்திருந்தவர்கள் சிரித்தார்கள். மங்கலம் மரத்தை விட்டுக் கையை எடுக்கவில்லை.

"ஓனர் நம்பர் போட்டிருக்குதே, நானே போடுறேன். அந்தாளு எடுத்து என் மரந்தான்னு சொல்லட்டும், தூக்கிக்கிட்டுப் போங்க."

போட்டார்.

மங்கலத்தின் கைப்பைக்குள் போன் அலறியது.

இளவரசு அக்காவைத் திரும்பிப் பார்த்தார். அந்த நம்பரை எப்போதோ நிறுத்தியிருப்பாள் என்றுதான் அவர் நினைத்திருந்தார். மாதாமாதம் ரீசார்ஜ் செய்வது அவருக்குத் தெரியாது.

"போன் உங்கிட்ட இருக்குது. அவரு எங்கம்மா?"

"அவரு படத்துக்கு மாலை போட்ட அன்னிக்குத்தாங்க இந்த மரம் காணாப்போச்சி."

உத்திராபதி தொட்டியிலிருந்த விலைச்சீட்டைக் கிழித்தார். தொட்டியைத் தூக்கி அவள் கையில் வைத்தார். தன் போனை நிறுத்த மறந்துபோனார்.

கைப்பைக்குள் அடித்துக்கொண்டிருந்த போன் அடித்து அடித்துத் தானாக ஓய்ந்தது.

"மொதல் தடவையில எடுக்க மாட்டாரு" என்றாள் மங்கலம்.