தேன் ஊற்றிய தேன்மிட்டாய்

பையில் கடைசிச் சேலையை வைத்துக்கொண்டிருந்தபோது ரெம்யா கதவைத் தட்டினாள்.

பக்கத்து வீட்டுக்கு அவள் குடிவந்து இரண்டு வாரம்தான் ஆகிறது. கையில் ஓர் எவர்சில்வர் டப்பா. மூடியின் வெளிப்பக்கமெல்லாம் பாகு வழிந்திருந்தது.

“சேச்சி, தேன்நிலாவு. டேஸ்ட் பாத்துச் சொல்லணும், கேட்டோ.”

தேன்மிட்டாய்க்கு இங்கே மலையாளத்தில் அந்தப் பெயர். அரிசியும் உளுந்தும் அரைத்து, எண்ணெயில் கிள்ளிப் போட்டு, பாகில் ஊறவைத்த சிவப்பு உருண்டைகள். அவளுடையவை சிவக்கவும் இல்லை, உருளவும் இல்லை.

உள்ளே வா என்றேன். சொல்லாமல் இருந்திருக்கலாம். தம்பானூர் பஸ் ஸ்டாண்டில் மார்த்தாண்டம் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். அண்ணன் வீட்டுக்குப் போகிறேன். திரும்பி வருவதாக இல்லை.

மகள் ஜெஸ்லினைப் புதைத்துவிட்டு வந்ததிலிருந்து என் கணவர் ஜெபசிங் ஒரு தடவைகூட அவள் பெயரைச் சொல்லவில்லை. கிறிஸ்துமஸுக்கு வீட்டுக்குள் பச்சை பெயின்ட் அடித்தார். அதற்காகக் கழற்றிய அவள் போட்டோவை மறுபடி மாட்டவில்லை. நான் அழுதால் எழுந்து வெளியே போய்விடுவார்.

ஏழு வயதுப் பிள்ளையை இவ்வளவு சுத்தமாகத் துடைத்துப் போட முடிந்த மனிதரோடு ஒரே வீட்டில் எனக்குச் சோறு இறங்கவில்லை.

“எல்லாம் ஜெபசிங் சேட்டன் படிப்பிச்சது” என்றாள் ரெம்யா. “குரூப்பில வீடியோ போட்டாரே, சேச்சி கண்டில்லையா?”

எங்கள் தெருவாசிகளின் குழுவில் நான் இல்லை. இரங்கல் செய்திகள் வந்து குவிந்தபோது வெளியேறியவள்.

“அவரா? அவருக்கு அடுப்பு பத்த வைக்கவே தெரியாதே.”

“இதையே சொன்னா எங்க வீட்டு ஆள் சந்தோஷப்படும். அதுக்குச் சாயா போடக்கூட அறியாது.” போனை என் முன்னால் நீட்டினாள்.

எங்கள் அடுக்களை.

போனை எதிலோ சாய்த்து வைத்து எடுத்திருக்கிறார். முகம் தெரியவில்லை. அடுப்பும் சட்டியும் இரண்டு கைகளும் மட்டும். யாருக்கு அனுப்ப நினைத்தாரோ, குழுவுக்குப் போய்விட்டிருக்கிறது.

“தள்ளி நில்லு மக்களே. எண்ணெ தெறிக்கும்.”

மக்களே என்று அவர் கூப்பிடுவது ஜெஸ்லினை மட்டும்தான். என் கை ரெம்யாவின் தோளைப் பிடித்துக்கொண்டது.

“இந்தா பாரு, பாகுல தேனும் ஊத்துதேன். தேன்மிட்டாய்ல தேனே இல்ல, எல்லாம் கள்ளம்னு இனி சொல்லப்பிடாது. என்னா?”

ஜெஸ்லின் அப்படித்தான் சொல்வாள். கடைக்காரரின் முகத்துக்கு நேராகவே சொல்லியிருக்கிறாள்.

பழைய வீடியோவாக இருக்கும் என்று நினைத்தேன். இருக்க வேண்டும் என்றும் நினைத்தேன்.

அடுப்புக்குப் பின்னால் சுவர் பச்சையாக இருந்தது.

அந்தப் பச்சையை அவள் பார்த்ததில்லை.

அவர் ஓர் உருண்டையை எடுத்து ஊதினார். இன்னொரு முறை ஊதினார். வலது பக்கமாக, படத்துக்கு வெளியே, தாழ்த்தி நீட்டினார்.

கை வெறுங்கையாகத் திரும்பி வந்தது.

பதிலுக்குக் காத்திருப்பவர்போல இருந்தார். பிறகு சிரித்தார். மூக்கால் சிரிக்கும் அந்தச் சிரிப்பை நான் கேட்டு ஒரு வருஷத்துக்கு மேலாகிறது.

“நல்ல சமத்து மோள். ஒரு சத்தம் இல்லை” என்றாள் ரெம்யா. “நான் இதுவரை கண்டதே இல்லியே. ஹாஸ்டலிலயா?”

வீடியோவுக்குக் கீழே யாரும் எதுவும் எழுதியிருக்கவில்லை. தெரிந்தவர்கள் என்ன எழுதுவார்கள். ரெம்யா போட்ட மூன்று இதயங்கள் மட்டும் இருந்தன.

“அவ அப்பாகூடத்தான் இருப்பா” என்றேன்.

“ஓ, அச்சன் மோள்!” சிரித்துக்கொண்டே போனாள்.

அடுக்களைக்குப் போய் அடுப்பின் முன்னால் நின்றேன். வலது கையைத் தாழ்த்தி நீட்டிப் பார்த்தேன்.

அந்தப் பக்கம் மேடை கிடையாது. அலமாரி கிடையாது. ஒரு பிள்ளை நிற்கும் அளவுக்கு இடம். அதற்கப்பால் சுவர்.

குனிந்து தரையைத் தடவினேன். பிசுபிசுப்பு இல்லை. எறும்பும் இல்லை.

பஸ் போயிருக்கும். நான் அங்கேயே தரையில், சுவரை ஒட்டாமல், அந்த இடத்தை விட்டுக் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்திருந்தேன்.

ஆரியசாலையில் கடை சாத்திவிட்டு அவர் வந்தபோது விளக்குப் போட்டிருக்கவில்லை. கட்டிலில் இருந்த பையைப் பார்த்தார். மேசைமேல் திறந்திருந்த டப்பாவைப் பார்த்தார். குழாயடிக்குப் போய்க் கை கழுவ ஆரம்பித்தார்.

அவர் முதுகைப் பார்த்துத்தான் கேட்டேன்.

“ஜெஸ்லின் என்ன சொன்னா? நல்லாருக்காமா?”

தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. அப்படியே வெளியே போய்விடுவார் என்று நினைத்தேன்.

குழாயை மூடினார்.

“தேன் காணாதாம்” என்றார், திரும்பாமல். “இன்னும் ஊத்தணுமாம்.”

அந்த ‘ஆம்’ என் காதில் விழுந்தது. அவர் குரலில்தான். ஆனாலும் அவள் சொல்லி அனுப்பியது.

“அடுத்த மட்டம் பாகு நான் காய்ச்சுதேன்” என்றேன். “நீங்க அவளைப் பாத்துக்கிடுங்க.”