லோஷினிமுறுக்கு டாட் காம்

“இந்த டொமைன் ஏற்கெனவே வேறொரு கணக்கில் இணைக்கப்பட்டுள்ளது.”

மூன்றாவது முறையும் லேப்டாப் சிவப்பு எழுத்தில் அதையே சொன்னது. லோஷினிக்கு எரிச்சல் தலைக்கேறியது.

தீபாவளிக்கு இன்னும் மூன்றே வாரம். முறுக்கு ஆர்டர் எடுக்கப் புதுப் பக்கம் தயார். அதோடு தன் பழைய இணைய முகவரி லோஷினிமுறுக்கு டாட் காமை இணைத்துவிட்டால் வேலை முடிந்தது. போன வருஷம் விற்ற டின்களில் எல்லாம் அந்த முகவரிதான் ஒட்டியிருக்கிறது. அது இல்லையென்றால் பழைய வாடிக்கையாளர்கள் அவளை எங்கே போய்த் தேடுவார்கள்?

வருஷக் கட்டணம் கட்டி முகவரியைப் புதுப்பிக்க மறந்தது அவள்தான். ஏழாம் மாதமே பிறந்த குழந்தை, இரண்டு மாதம் ஆஸ்பத்திரி வாசம். அந்த அல்லாட்டத்தில் டொமைன் யாருக்கு ஞாபகம் வரும்?

கணவன் செல்வா போனில் தேடிப் பார்த்துவிட்டு இழுத்தான். “யாரோ வாங்கிட்டாங்க லோஷி. பேரு... சிந்துஜா பலகாரம், கூலாய். நம்ம ஊருதான்.”

“அலமாக்! அவளா?”

இரண்டு தெரு தள்ளிப் பலகாரக் கடை வைத்திருப்பவள் சிந்துஜா. ‘என் கஸ்டமர இழுத்துட்டீங்க’ என்று போன தீபாவளிக்கு லோஷினி சண்டை பிடித்ததோடு பேச்சுவார்த்தை நின்றுபோனது.

“நான் படுத்துக் கெடந்த நேரம் பாத்து என் பேரையே வாங்கிட்டா! என் ஆளுங்க எல்லாம் இப்ப அவகிட்டதான் வாங்குவாங்க.”

“மொதல்ல அந்த முகவரிய தட்டிப் பாரு லா.”

“அவ முறுக்கு படத்த நான் எதுக்குப் பாக்கணும்? கார் சாவிய குடு.”

நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்காமல் வருவதில்லை என்று கிளம்பினாள்.

சிந்துஜா எண்ணெய்ச் சட்டி முன்னால் நின்றிருந்தாள். “வா லோஷினி. பாப்பா எப்படி இருக்கா?”

“பாப்பா இருக்கட்டும். என் டொமைன ஏன் வாங்கினீங்க?”

சிந்துஜா அடுப்பைத் தணித்தாள். “உன் கஸ்டமர் ஒருத்தங்க வந்து, பக்கத்த காணோம்னாங்க. பாத்தா முகவரியே விலைக்கு வந்திருச்சு. வேற யாராச்சும் எடுத்துட்டா உனக்குத் திரும்பக் கெடைக்குமா?”

“என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?”

“எத்தனை தடவை போன் போட்டேன் தெரியுமா? போகவே மாட்டேங்குது. வாட்ஸ்அப்லயும் ஒத்த டிக்தான். வீட்டுக்கு வரலாம்னா, பச்சப் புள்ள இருக்கிற எடத்துல மறுபடி சண்டையாயிடுமோன்னு பயம்.”

லோஷினிக்குச் சுருக்கென்றது. சண்டை போட்ட அன்றே அந்த நம்பரை பிளாக் பண்ணியது அவளேதான். ஆனாலும் விட மனசில்லை.

“நல்லாத்தான் பேசுறீங்க. ஆனா அந்த முகவரில உங்க பக்கம்தானே ஓடுது?”

“நீ இன்னும் தெறந்தே பாக்கலையா?” சிந்துஜாவுக்குச் சிரிப்பு வந்தது. “சரி, இன்னைக்கே உன் பேருக்கு மாத்திவிட ஏற்பாடு பண்றேன், போ.”

லோஷினி அங்கேயே நின்று போனில் தன் முகவரியைத் தட்டினாள்.

திரை நிறைய அவளுடைய பழைய முறுக்கு டின் படம். அதன் கீழே நாலு வரி:

‘லோஷினிக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கு. இப்ப ஓய்வுல இருக்காங்க. தீபாவளிக்குள்ள முறுக்கோட வந்துடுவாங்க. கொஞ்சம் பொறுத்துக்குங்க.’

பக்கத்தின் அடிவரைக்கும் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். சிந்துஜாவின் கடைப் பெயரோ போன் நம்பரோ எங்கேயும் இல்லை.