ஏழு கறுப்புப் புள்ளிகள்

ஹாஜறாவுக்கு எதையும் நாட்காட்டியில் குறித்துவைக்கும் பழக்கம் இருந்தது. அரிசி முடிந்த நாள், தலைவலி வந்த நாள், மாதவிலக்கு வந்த நாள் என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் அடையாளம் இட்டுவைப்பாள்.

யுத்தம் முடிந்த அவ்வாண்டில் அவளுடைய நாட்காட்டியில் கறுப்புப் புள்ளிகளும் சேர்ந்துகொண்டன. சுனாமி முகாமின் இருண்ட பொதுக் கழிவறையில் அவள் எதையும் கவனித்ததில்லை. புதிய வீட்டின் வெண்பீங்கானில்தான் தன் மலம் கறுத்துப் போவதை முதன்முதலாகக் கண்டாள்.

பக்கத்து வீட்டுக் கைக்குழந்தையை நிறுக்க வந்திருந்த குடும்பநல மாது தர்சிகாவை அவள் வேலிக்கு இப்பாலிருந்தே அழைத்தாள்.

"மிஸ், எனக்கும் வாப்பாட வயித்து வருத்தம்தான் வந்திரிக்கி. மவுத்தாகிக் கண்ண மூட முந்தி அவருக்கும் இப்பிடித்தான் கறுத்துப் போச்சு."

தர்சிகா உள்ளே வந்து அமர்ந்தாள். "தார் மாதிரி ஒட்டுதா? கெட்ட நாத்தம் இருக்கா? தலை சுத்துதா?"

"அதெல்லாம் இல்ல. நிறம் மட்டுந்தான்."

"வயித்துக்குள்ள இரத்தம் கசிஞ்சாலும் கறுக்கும், இரும்புச் சத்துக் குளிசை போட்டாலும் கறுக்கும். நிறத்த மட்டும் பாத்து நாமளா முடிவெடுக்கக் கூடாதுக்கா. ஏதும் குளிசை போடுறீங்களா?"

"மச்சான் தாற சத்துக் குளிசைதான். புள்ள தங்குறதுக்கு."

ஹாஜறாவின் இரண்டு பிள்ளைகளையும் கடல் கொண்டுபோயிருந்தது. மருந்துக் கடையில் வேலைபார்க்கும், அவள் மச்சான் என்றழைக்கும் கணவன் ஜவுபர், சென்ற ஓராண்டாகக் குளிசைகளைக் கடதாசி உறையில் கொண்டுவந்து, அதிகாலைச் சுபஹுத் தொழுகை முடிந்ததும் தன் கையாலேயே எடுத்துக் கொடுப்பான். 'மாப்பிள்ளை எண்டா ஜவுபர் மாதிரி இரிக்கணும்' என்பது அயற்பெண்களின் பேச்சு.

"அவரும் பாவம் மிஸ். புள்ள இல்ல எண்டு மாமி அவருக்கு வேற பொண் பேசுறா. மாட்டன் மாட்டன் எண்டுதான் நிண்டார். நான் இனி எத்தின நாளைக்கு எண்டு யோசிச்சி, நானே சரியெண்டு ஓம்பட்டுட்டன். நாளைக்கு மாவடிப்பள்ளி ஊருக்குப் பொண் பாக்கப் போறாங்க."

"உங்களுக்கென்ன விசரா? ஆஸ்பத்திரிக்குக் காட்டாம மாப்பிள்ளையத் தூக்கிக் குடுக்கிறீங்க!" என்று கடிந்துகொண்டே தர்சிகா, கறுத்த நாட்களைக் காட்ட ஹாஜறா நீட்டிய நாட்காட்டியை வாங்கிப் புரட்டினாள்.

ஏழு புள்ளிகள். பிறகு இருபத்தொரு நாள் வெறுமை. மீண்டும் ஏழு புள்ளிகள். மூன்று மாதங்களும் அவ்வாறே இருந்தன.

அவளுடைய குரல் தாழ்ந்தது. "இரத்தக் கசிவு கலண்டர் பாத்து வராதுக்கா. அந்தக் குளிசையக் கொஞ்சம் எடுத்துவாங்க."

ஹாஜறா இரண்டு உறைகளைக் கொண்டுவந்து மேசைமீது கொட்டினாள். "மூணு கிழமைக்கு இந்த வெள்ளை. பிறகு ஒரு கிழமைக்கு இந்த மண்ணிறம். மாறிப்போகும் எண்டு மச்சான்தான் பிரிச்சித் தருவார்."

தர்சிகா இரண்டையும் உள்ளங்கையில் எடுத்துப் பார்த்தாள். பிறகு தன் பையிலிருந்து ஓர் அட்டையை எடுத்து அவற்றின் அருகில் வைத்தாள். அதில் மூன்று வரிசை வெள்ளைக் குளிசைகளும், கடைசி வரிசையில் ஏழு மண்ணிறக் குளிசைகளும் இருந்தன. அளவிலும் நிறத்திலும் வேறுபாடே இல்லை.

"இதேதான் மிஸ்! நீங்களும் சத்துக் குளிசை குடுக்கிறதா?"

"கடைசி ஏழும் இரும்புச் சத்து. அதாலதான் கறுக்குது போல. எதுக்கும் ஆஸ்பத்திரியில ஒருக்கா சோதிச்சுப் பாருங்க."

"அப்ப, வெள்ளை?"

தர்சிகா அவளை நிமிர்ந்து பார்க்காமலே சொன்னாள்: "அது... புள்ள தங்காம இருக்கிறதுக்கு நாங்க குடுக்கிறதுக்கா."

அடுத்த வீட்டில் குழந்தை அழுதது. ஹாஜறா வேலிப்பக்கம் திரும்பினாள்.

"அல்லாஹ்ட பேரால பிஸ்மி செல்லித்தான் மிஸ் தருவார்," என்றாள் மெதுவாக. "ஒரு வருசமா, ஒவ்வொரு நாளும்."

"அக்கா..."

"எனக்குப் புள்ள இல்ல எண்டாத்தானே அவருக்குப் புதுப் பொண். மாட்டன் எண்டு நிண்டதெல்லாம் எனக்கு முன்னால மட்டுந்தான்."

அவள் அழவில்லை. வெள்ளையை ஓர் உறையிலும் மண்ணிறத்தை மற்றோர் உறையிலுமாகப் பிரித்துப் போட்டு, இரண்டையும் முந்தானையில் முடிந்துகொண்டாள்.

"நாளைக்கு மாவடிப்பள்ளிக்கு நானும் போறன் மிஸ். அந்தப் பொண் புள்ளையும் இத ஒருக்காப் பாக்கட்டும்."