கொடி தெரியக் கூடாது

நிலநடுக்கம் நடந்த மூன்றாம் நாள், எதிரி நாடு மருந்து அனுப்பியது.

"லேபிள் முழுக்க அவங்க கொடி! திமிரப் பாரு. ஒண்ணுவிடாம எடுத்த பிறகுதான் மருந்து வார்டுக்குப் போகணும்" என்றார் அதிகாரி.

மருந்துக்கிடங்கு ஊழியர் எல்லாப் புட்டிகளையும் ஒரே தொட்டியில் ஊறப்போட்டு, நகம் தேயச் சுரண்டினார். நடுவில், வார்டில் மகளோடிருந்த மனைவிக்குப் போன் செய்தார்.

"அழாத. மருந்து வந்தாச்சு. பாப்பா பிழைச்சிடுவா."

முந்நூறு புட்டிகளும் பளபளத்தன. அதிகாரி அவர் முதுகில் தட்டிக்கொடுத்தார்.

டாக்டர் ஓடி வந்தார். "உங்க பாப்பாவுக்கு மறுபடியும் வலிப்பு. அதுக்கான மருந்து எது? சீக்கிரம்!"

ஊழியர் புட்டிகளைப் பார்த்தார். ஒரே அளவு, ஒரே நிறம். கொடிகளோடு மருந்துப் பெயர்களும் தொட்டியில் கூழாகிக் கிடந்தன.

"நான் கொடியத்தானேய்யா எடுக்கச் சொன்னேன்?" என்றார் அதிகாரி.